உதவி: விஎச்எஸ் கேசட்டில் உள்ள 9 நொடி தயாரிப்பு நிறுவன லோகோ, எழுத்து சீப்பு மாதிரி பிளக்கிறது, நட்சத்திர மினுக்கம் காணோம்

கடைசி_9_நொடி (கேள்வி)

வணக்கம். 1990களின் நடுவில் சென்னைத் தூர்தர்ஷனில் வந்த ஒரு வாரத் தொடரின் வீட்டுப் பதிவு. இரண்டு கேசட், நான்கு பகுதிகள். ஒவ்வொரு பகுதி முடிவிலும் தயாரித்த நிறுவனத்தின் லோகோ 9 நொடி ஓடுகிறது. மிகச் சின்ன நிறுவனம். இந்த ஒரு தொடரைத் தவிர வேறெங்கும் அந்தப் பெயரைப் பார்க்க முடியவில்லை. அதனால் இந்த 9 நொடியை உருப்படியாக எடுத்து வைக்க வேண்டும்.

லோகோ இப்படி: நீலப் பின்னணி, மேலே கருநீலம், கீழே போகப் போக வெளிறும். சிவப்பு எழுத்துகள் ஒவ்வொன்றாக இடதுபக்கமிருந்து சுழன்று வந்து வரிசையில் உட்காரும். கடைசி எழுத்தின் புள்ளிமேல் ஒரு வெள்ளை நட்சத்திரம் மின்னி மறையும். பிறகு 2 நொடி அசையாமல் நிற்கும். கூடவே வீணையில் ஒரு சின்ன மெட்டு.

எடுத்த விதம்: டெக்கின் மஞ்சள் வீடியோ அவுட், மலிவு விலை யூஎஸ்பி கேப்சர் குச்சி (வீடியோவைக் கணினிக்குள் எடுப்பது), அதோடு வந்த மென்பொருள். 640×480, நொடிக்கு 30 ஃபிரேம், எம்பி4.

கோளாறுகள்:
1. சுழலும் எழுத்துகளில் சீப்புப் பல் மாதிரி கோடு. டீஇன்டர்லேஸ் (பின்னிய வரிகளைப் பிரித்து முழுப் படமாக்கும் ஃபில்டர்) போட்டும் போகவில்லை, பல் தடித்துத்தான் போகிறது.
2. ஓட்டம் விட்டு விட்டுத் துள்ளுகிறது.
3. நட்சத்திரம் டிவியில் போட்டால் தெரிகிறது, ஃபைலில் மொட்டை வெள்ளைத் திட்டாக இருக்கிறது.
4. சிவப்பு வலதுபக்கம் வழிகிறது.
5. படத்தின் மேல் 20 வரி வலப்பக்கம் சாய்கிறது.
6. சத்தம் கொஞ்சம் முந்துகிறது.

இந்த ஃபைலையே சரிசெய்ய வழி உண்டா?

கோடு625

இந்த ஃபைலில் இருந்து மீட்க முடியாது. மறுபடி எடுக்க வேண்டும். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் அடுத்த முறை எங்கே கவனிக்க வேண்டும் என்பது புரியும்.

நம்ம ஊர் ஒளிபரப்பு பால் முறை. நொடிக்கு 25 ஃபிரேம். ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு ஃபீல்ட்: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணம், இரட்டைப்படை வரிகள் 1/50 நொடி கழித்து இன்னொரு கணம். மொத்தம் 625 வரியில் படம் இருப்பது 576 வரி. டீஇன்டர்லேஸ் செய்யும் எந்த ஃபில்டரும் ஒரு வரி விட்டு ஒரு வரி பிரித்துத்தான் வேலை செய்யும்.

உங்கள் மென்பொருள் 576 வரியை 480-ஆக அமுக்கியிருக்கிறது. 6 வரி 5 வரியாகக் குழைந்துவிட்டது. இனி எந்த வரி எந்த ஃபீல்ட் என்று பிரிக்கவே முடியாது. உங்கள் 1-ஆம் கோளாறு அதுதான்.

2-ஆவது: 25-ஐ 30 ஆக்க ஒவ்வொரு 5 ஃபிரேமுக்கும் ஒன்றை இரட்டித்திருக்கிறது. உங்கள் 9 நொடியில் 270 ஃபிரேம் இருக்கும், அதில் 45 வெறும் நகல். ஃபிரேம் ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள், ஆறில் ஒன்று அசையாமல் நிற்கும்.

3-ஆவது: வெள்ளை வெட்டுப்பட்டது. டெக்கில் இருந்து வரும் சிக்னலில் மினுக்கம் சாதாரண வெள்ளையை மீறி ஏறியிருக்கும். குச்சி அதை உச்சியிலேயே நறுக்கிவிட்டது. 4-உம் 5-உம் கேசட், டெக் சம்பந்தப்பட்டவை. 6-ஐ மறுபதிவில் தனியாகப் பார்க்க வேண்டும்.

நாடா_வைத்தியர்

கோடு625 சொன்னது சரி. ஆனா மறுபடி டெக்கில் போடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்.

கேசட்டின் முன்மூடியைத் திறந்து, கண்ணாடி ஜன்னல் வழியா டேப் சுற்றியிருக்கிற உருளையின் பக்கவாட்டை டார்ச் அடிச்சுப் பாருங்க. கருப்பு வழுவழுன்னு இருக்கணும். வெள்ளையா மாவு தூவின மாதிரி, இல்ல சிலந்தி வலை மாதிரி இருந்தா பூஞ்சை. நம்ம கடற்கரை ஈரத்துக்கு முப்பது வருஷக் கேசட்டில் இது சகஜம். பூஞ்சைக் கேசட்டை ஓட்டினா ஹெட் அடைபடும், அடுத்து போடுற நல்ல கேசட்டுக்கும் ஒட்டும். அப்படி இருந்தா சிலிகா ஜெல் பையோட மூடின டப்பாவில் ஒரு வாரம் காயவிடுங்க. அப்புறம் வேலைக்கு ஆகாத ஒரு பழைய டெக்கில், டேப் போற வழியில் பஞ்சு உதிராத துணி வெச்சு முழுசா ஒரு தடவை முன்னும் பின்னும் சுத்தணும். முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

ஹெட் துடைக்கிறது: 99% ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மான்தோல் குச்சி. காதுக் குடையிற பஞ்சு வேண்டவே வேண்டாம், இழை மாட்டி ஹெட் முனை பெயர்ந்துடும். குச்சியை டிரம்மில் (ஹெட் பொருத்தின சுழலும் உருளை) அசையாம லேசா வெச்சுக்கிட்டு, மறு கையால் டிரம்மின் மேல் விளிம்பைப் பிடிச்சு மெதுவா சுத்துங்க. டிரம்தான் சுத்தணும், குச்சி சுத்தக் கூடாது. மேலும் கீழுமா தேய்ச்சா ஹெட் போச்சு. பத்து நிமிஷம் உலரவிட்டு அப்புறம் கேசட்டைப் போடுங்க.

இன்னொண்ணு. லோகோ வரும் இடத்தில் பாஸ் போட்டு உத்து உத்துப் பார்க்காதீங்க. பால் விஎச்எஸ்ஸில் சாதா வேகத்தில் டேப் நொடிக்கு 23.39 மில்லிமீட்டர் ஓடுது. உங்க 9 நொடி லோகோ மொத்தமும் 21 சென்டிமீட்டர் டேப்தான். அதுக்குள்ள 450 சாய்ந்த தடம், தடத்துக்கு ஒரு ஃபீல்ட். பாஸில் டிரம் நிமிஷத்துக்கு 1500 சுற்று வேகத்தில் ஒரே தடத்தைத் தேய்க்கும். பார்க்கணும்னா எடுத்த ஃபைலில் பாருங்க.

கோடு625

மறுபதிவுக்கான அமைப்பு. விர்ச்சுவல்டப்2 மென்பொருளின் கேப்சர் முறையை வைத்துச் சொல்கிறேன்.

வீடியோ தரம் பால்-பி. அளவு 720×576, வேறு எதுவும் வேண்டாம். வண்ண வடிவம் ஒய்யூஒய்2 (4:2:2, அதாவது நிற விவரம் கிடைவாட்டில் மட்டும் பாதி). ஃபிரேம் வேகம் 25.0000. டீஇன்டர்லேஸ், அளவு மாற்றம், இரைச்சல் நீக்கம் எல்லாம் அணைத்து. சுருக்கம் ஹஃப்ஒய்யூவி (தரம் குறையாத சுருக்கம்), அல்லது சுருக்கமே இல்லாமல். முழுத் தொடருக்குத்தான் இடம் பற்றிக் கவலை. ஒரு ஃபிரேம் 829,440 பைட், நொடிக்கு சுமார் 20.7 எம்பி, 9 நொடிக்கு 187 எம்பி. இதைச் சுருக்கி மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

ஆடியோ 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட். நேர அமைப்பில் ஆடியோவை வீடியோவுக்கு ஏற்ப இழுத்துச் சரிக்கட்டும் வசதியை அணையுங்கள். விடுபட்ட ஃபிரேம், செருகிய ஃபிரேம் என்ற இரண்டு எண்ணும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஒன்று ஏறினாலும் அந்த எடுப்பு செல்லாது, மறுபடி எடுங்கள். லோகோவுக்கு 30 நொடி முன்பே பதிவைத் தொடங்குங்கள், டெக் நிலைப்பட நேரம் வேண்டும்.

இப்போது வெள்ளை. ஹிஸ்டோகிராமை (வெளிச்ச அளவுகளை 0 முதல் 255 வரை காட்டும் வரைபடம்) திறந்து வைத்துக்கொண்டு சோதனையாக ஒரு முறை ஓட்டுங்கள். கருப்பு 16-ஐ ஒட்டி, சாதாரண வெள்ளை 235-க்குள், நட்சத்திரத்தின் உச்சி 250-ஐத் தாண்டாமல். பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட்டைக் குச்சியின் டிரைவர் அமைப்பிலேயே குறைக்க வேண்டும், அது டிஜிட்டல் ஆகும் முன் வேலை செய்தால்தான் பயன். பதிவான பிறகு குறைத்தால் நறுக்கிய உச்சி சாம்பலாகத் தெரியுமே தவிர, திரும்பி வராது.

மேல்வரி சாய்வதற்கு: டெக்கில் டிபிசி (வரிகளின் நேரத்தைச் சீராக்கும் சுற்று) இருந்தால் (பானசோனிக் என்வி-எஃப்எஸ்200 மாதிரி) அதைப் போடுங்கள். இல்லையென்றால் பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10 அல்லது இஎஸ்15 டிவிடி ரெக்கார்டர் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதில் டிவிடி எழுதத் தேவையில்லை. டெக் அவுட்டை அதற்குள் கொடுத்து, அதன் எஸ்-வீடியோ அவுட்டைக் குச்சிக்குக் கொடுத்தால் வரி சாய்வை நிமிர்த்தித் தரும். லைன்-இன் இரைச்சல் குறைப்பு அமைப்பை மட்டும் மறக்காமல் அணையுங்கள், நட்சத்திரத்தை அது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

கடைசி_9_நொடி

நன்றி இருவருக்கும். ஒரு கேசட்டில் ஓரத்தில் லேசான வெள்ளை இருந்தது, காயவைத்துத் துணியில் சுற்றியாயிற்று. இஎஸ்10 கிடைத்தது. மேல்வரி நிமிர்ந்துவிட்டது. 720×576, விடுபட்டது 0, செருகியது 0. நான்கு பகுதிகளின் லோகோவும் எடுத்தாகிவிட்டது. நட்சத்திரத்தின் உச்சி 246, அதன் நான்கு கூர்முனையும் இப்போது தெரிகிறது.

புதுக் குழப்பம். ஏவிஐசிந்த்தில் (ஸ்கிரிப்ட் எழுதி வீடியோ திருத்தும் மென்பொருள்) க்யூடிஜிஎம்சி என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டரைப் போட்டேன். பகுதி 1, 2-இல் எழுத்துகள் அழகாக வருகின்றன, ஆனால் நட்சத்திரம் மங்கி அரை உயிராக இருக்கிறது. பகுதி 3, 4-இல் எழுத்துகள் முன்னே ஒரு அடி, பின்னே அரை அடி என்று நடுங்குகின்றன. அந்த இரண்டு பகுதிகளை மட்டும் டிஜிட்டல் வீடியோ (DV) வடிவத்தில் சேமிக்கும் வேறொரு கருவியால் எடுத்தேன்.

கோடு625

நடுக்கத்துக்குக் காரணம் நீங்களே கடைசி வரியில் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கருவி சேமிப்பது DV வடிவம். அதில் கீழ் ஃபீல்ட் முதலில் வரும். குச்சி வழி ஒய்யூஒய்2 பதிவில் மேல் ஃபீல்ட் முதலில். ஸ்கிரிப்டில் எல்லாவற்றுக்கும் மேல் ஃபீல்ட் என்று கொடுத்திருப்பீர்கள்.

யூகிக்க வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். செப்பரேட்ஃபீல்ட்ஸ் (ஃபீல்டுகளைப் பிரித்துக் காட்டும் கட்டளை) போட்டு ஒவ்வொரு ஃபீல்டாகத் தள்ளுங்கள். வேகமாக வரும் ஒரு எழுத்தின் இடது ஓரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 140, 149, 158, 167 என்று ஒரே திசையில் போனால் வரிசை சரி. 149, 140, 167, 158 என்று முன்பின் ஆடினால் வரிசை தலைகீழ்.

இன்னொரு விஷயம், DV வடிவத்தில் நிறம் 4:2:0. சிவப்பு வழிவதைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் நிற விவரம் அதில் செங்குத்தாகவும் பாதிதான் இருக்கும். பகுதி 3, 4-ஐயும் குச்சி வழியே 4:2:2-இல் மறுபடி எடுத்துவிடுங்கள்.

நட்சத்திரத்துக்கு வருகிறேன். அதே செப்பரேட்ஃபீல்ட்ஸ் காட்சியில் எழுத்தையும் நட்சத்திரத்தையும் தனித்தனியாகக் கவனியுங்கள். எழுத்துகள் இரண்டு ஃபீல்டுக்கு ஒரு முறைதான் நகர்கின்றனவா? நட்சத்திரம் ஒவ்வொரு ஃபீல்டிலும் மாறுகிறதா?

கடைசி_9_நொடி

நான்கையும் குச்சி வழியே எடுத்துவிட்டேன், வரிசை எல்லாவற்றிலும் மேல் ஃபீல்ட் முதல், நடுக்கம் போயிற்று. எண்ணிப் பார்த்தேன். நீங்கள் கேட்டபடிதான். எழுத்துகள்: 140, 140, 158, 158. நட்சத்திரம் மொத்தம் 11 ஃபீல்ட்தான், ஒவ்வொரு ஃபீல்டிலும் அளவு வேறு. ஆனால் பகுதி 3-இல் மட்டும் எழுத்துகள் 140, 158, 158, 176 என்று ஜோடி மாறி விழுகின்றன.

கோடு625

நல்ல வேலை. இந்த எண்களில் லோகோ எப்படிச் செய்யப்பட்டது என்பதே தெரிகிறது. எழுத்துகளின் சுழற்சி நொடிக்கு 25 படமாகக் கணினியில் வரைந்தது. நட்சத்திரம் ஃபீல்டுக்கு ஃபீல்ட் ஓடும் வேறொரு கருவியில் பிறகு மேலே போட்டது. ஒரே ஃபிரேமில் இரண்டு வித அசைவு. அதனால் ஒரே ஃபில்டர் இரண்டுக்கும் ஒத்துவராது.

க்யூடிஜிஎம்சி அக்கம்பக்க ஃபீல்டுகளைச் சேர்த்து மென்மையாக்கும். 1/50 நொடி மட்டும் இருக்கும் ஒரு கூர்முனை அதற்கு இரைச்சல்தான். இப்படிச் செய்யுங்கள்:

முழுவதையும் 25 ஃபிரேமாக நெய்து (இரண்டு ஃபீல்டின் வரிகளையும் ஒரே படமாகக் கோத்து) வைத்துக்கொள்ளுங்கள். பகுதி 1, 2, 4-இல் எழுத்து வரும் இடமெல்லாம் டீஇன்டர்லேஸே தேவையில்லை, இரண்டு ஃபீல்டும் ஒரே கணம், 576 வரியும் அசல். பகுதி 3-இல் ஜோடி ஒரு ஃபீல்ட் தள்ளியிருக்கிறது. அங்கே டீஇன்டர்லேஸ் போட்டால் பாதி வரியை அநியாயமாக வீசுகிறீர்கள். முதல் ஃபீல்டை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி ஜோடி சேர்த்தால் போதும். டபுள்வீவ் (அடுத்தடுத்த ஃபீல்டுகளை ஜோடி ஜோடியாக நெய்யும் கட்டளை) போட்டு ஒன்று விட்டு ஒன்று எடுத்தாலும் அதேதான்.

நட்சத்திரம் உள்ள 11 ஃபீல்டுக்கு மட்டும் பிடபிள்யூடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் ஃபில்டர், நொடிக்கு 50 வெளியீட்டு முறையில். க்யூடிஜிஎம்சியே வேண்டும் என்றால் சோர்ஸ்மேட்ச் 3, லாஸ்லெஸ் 2 வைத்துப் பாருங்கள், அசல் வரிகளைப் பெரும்பாலும் தொடாமல் விடும். கடைசி ஃபைல் நொடிக்கு 50. எழுத்துப் பகுதியில் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை வையுங்கள், நட்சத்திரம் 50-இல் ஓடட்டும்.

நிறம்_தள்ளி

சிவப்பு வழிவது பற்றி யாரும் சொல்லவில்லை. விஎச்எஸ்ஸில் கருப்பு வெள்ளை விவரம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பதிவாகிறது. நிறத்துக்கு அரை மெகாஹெர்ட்ஸ் அளவுதான். அதை 627 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இறக்கித்தான் டேப்பில் எழுதும். அதனால் எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும்போதே அதன் சிவப்பு அகலமாகப் பரவும். பரவலை முழுக்க ஒடுக்க முடியாது. வலதுபக்கம் தள்ளிப் போனதை மட்டும் திருப்பி வைக்கலாம், பாதி அசிங்கம் அதிலேயே போய்விடும்.

அசையாமல் நிற்கும் கடைசி 2 நொடியில் ஒரு ஃபிரேமை 800 சதவீதம் பெரிதாக்குங்கள். லோகோவில் உள்ள பெயரில் 'ட' போல நேர்க்கோடு உள்ள எழுத்து ஏதாவது இருந்தால் நல்லது. அந்தக் கோட்டின் இடது ஓரத்தில் வெளிச்சம் எந்தப் பிக்சலில் மாறுகிறது, சிவப்பு எந்தப் பிக்சலில் தொடங்குகிறது என்று தனித்தனியாக எண்ணுங்கள். 4 பிக்சல் வித்தியாசம் என்றால், 4:2:2-இல் நிறத் தளம் கிடைவாட்டில் பாதி அகலம் என்பதால், எஃப்எஃப்எம்பெக் மென்பொருளின் குரோமாஷிஃப்ட் ஃபில்டரில் 2 இடப்பக்கம். கீழ்நோக்கியும் இறங்கியிருக்கும். படுக்கைக் கோட்டில் அதே மாதிரி எண்ணிப் பாருங்கள். மேலே தள்ளும்போது ஒன்று முக்கியம்: ஃபீல்ட் நெய்த நிலையில் ஒற்றைப்படை எண்ணில் தள்ளினால் ஒரு ஃபீல்டின் நிறம் மற்றதற்குப் போய்விடும். நட்சத்திரப் பகுதியில் 50 ஆக்கிய பிறகே தள்ளுங்கள்.

அளவுகளைப் பார்த்த பிறகே திருத்தம். கண்மட்டத்தில் இழுத்தால் எழுத்தின் வலது ஓரத்தில் சாம்பல் கோடு விழும்.

கோடு625

நான்கு பிரதி இருப்பது உங்களுக்குப் பெரிய சொத்து. ஒரே லோகோ, நான்கு வெவ்வேறு பதிவு. ஒரு பகுதியில் டேப் உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்த இடம் மற்றவற்றில் நன்றாக இருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுத்தால் கோடு தானாக மறையும்.

அதற்கு முன் மூன்று ஒழுங்கு. ஒன்று, நேரம்: நட்சத்திரத்தின் முதல் ஃபீல்டை எல்லாவற்றிலும் ஒரே எண்ணில் வையுங்கள். ஒரு ஃபீல்ட் தவறினாலும் நட்சத்திரம் கரைந்துபோகும். இரண்டு, இடம்: அசையாத 2 நொடியை வைத்து இடவலம், மேல்கீழ் பொருத்துங்கள். முழுப் பிக்சலாக ஒட்டாது, கால் பிக்சல் வரை போக வேண்டியிருக்கும். மேல்கீழில் பின்னப் பிக்சல் தேவைப்பட்டால் எழுத்துப் பகுதியில் அதை நெய்த ஃபிரேமிலும், நட்சத்திரப் பகுதியில் 50 ஆக்கிய பிறகும் செய்யுங்கள், தனி ஃபீல்டில் அல்ல. மூன்று, வெளிச்சம்: ஒவ்வொரு பகுதியின் கருப்பும் பின்னணி நீலமும் ஒரே எண்ணுக்கு வரவேண்டும்.

பிறகு எஃப்எஃப்எம்பெக் எக்ஸ்மீடியன், நடு மதிப்பை எடுக்கும் ஃபில்டர் அதுதான். ஒற்றைப்படை எண்ணிக்கையில் கொடுப்பது நல்லது. இருக்கும் நான்கில் மோசமானதை விட்டு மூன்று வையுங்கள். நல்ல கேசட்டையே மறுபடி ஓட்டி ஐந்தாவதாகச் சேர்க்கலாம் என்று தோன்றும். அது டெக் அந்த ஓட்டத்தில் சேர்த்த இரைச்சலைத்தான் குறைக்கும். 1990களில் ஆன்டெனாவில் இருந்து டேப்புக்குப் போன இரைச்சல் இரண்டு ஓட்டத்திலும் ஒன்றுபோலவே வரும், அதற்கு இரண்டு வாக்கு கிடைத்த மாதிரி ஆகிவிடும். வேறு வேறு பகுதிகளே மேல்.

ஒலி_முள்

சத்தம் முந்துவது. முதலில் அது நிலையான வித்தியாசமா, போகப் போகக் கூடுகிறதா என்று பாருங்கள். பகுதி தொடக்கத்தில் ஒரு கதவு சாத்தும் காட்சி, முடிவில் ஒரு கைதட்டல், இரண்டிலும் அளந்தால் தெரிந்துவிடும். இரண்டிலும் 3 ஃபிரேம் என்றால் 120 மில்லிநொடி. முதல் ஃபைலில் காரணம் எதுவோ, மறுபதிவில் இஎஸ்10 படத்தைத் தாமதிக்கிறது, சத்தத்தை டெக்கில் இருந்து நேரே குச்சிக்குக் கொடுத்திருப்பீர்கள். சத்தத்தையும் இஎஸ்10 வழியே விட்டால் சரியாகும்.

நான்கு பகுதிகளின் வீணை ஒலியைச் சேர்த்துச் சராசரி எடுக்கலாம் என்று நினைக்க வேண்டாம். டேப் வேகம் நூலளவு ஏறி இறங்குவதால் சேர்த்தவுடன் தகரக் குழாய்க்குள் வாசித்த மாதிரி ஆகிவிடும். நான்கில் தெளிவான ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

மந்தமாக இருந்தால் ஆடியோ ஹெட்டின் சாய்வு இந்தக் கேசட்டுக்குப் பொருந்தவில்லை. டெக் மூடியைத் திறந்து, ஹெட்டின் அசிமத் திருகை முதலில் மார்க்கரால் குறித்துவிட்டு, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிக்கொண்டே கேளுங்கள். மீட்டும் முதல் நொடியின் 'டிங்' எங்கே பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்தவும். அதே ஹெட்டில்தான் கட்டுப்பாட்டுத் தடமும் இருக்கிறது, பக்கத்துத் திருகுகளைத் தொட்டால் ட்ராக்கிங் குலைந்துவிடும். வேலை முடிந்ததும் குறித்த இடத்துக்கே திருப்பி வைக்கவும்.

நாடா_வைத்தியர்

ஒண்ணு சேர்த்துக்கிறேன். இவ்வளவு சிரத்தை எடுக்கிறவர்னா, சாலிடர் இரும்பு பிடிக்கத் தெரிஞ்ச நண்பர் பக்கத்தில் இருந்தா, விஎச்எஸ்-டிகோட் முறையைப் பாருங்க. டெக் போர்டில் பிபி, எஃப்எம், என்வி மாதிரி எழுதின சோதனைப் புள்ளி இருக்கும். ஹெட்டில் இருந்து வரும் மூல ஆர்எஃப் சிக்னல் அங்கேயே கிடைக்கும். அதைக் கண்டென்சர் வழியா எடுத்து, சிஎக்ஸ்2388எக்ஸ் சிப் உள்ள பழைய டிவி கார்டுக்குக் கொடுத்து அப்படியே பதிவு செய்யணும். நொடிக்கு 28.6 எம்பி ஆகும், உங்க 9 நொடிக்கு 260 எம்பிகூட இல்ல. டிபிசி வேலை முழுக்க மென்பொருளில் நடக்கும், வெளிச்சமும் நிறமும் தனித்தனி ஃபைலா வரும். நாளைக்கு நல்ல டிகோடர் வந்தா கேசட்டைத் தொடாமலே மறுபடி பிரிச்செடுக்கலாம். பூஞ்சை பிடிச்ச அந்தக் கேசட்டுக்காவது இதைச் செய்யுங்க, அது இன்னும் எத்தனை ஓட்டம் தாங்கும்னு நம்ப முடியாது.

கடைசி_9_நொடி

பகுதி 1, 2, 4 வைத்து எக்ஸ்மீடியன் முடிந்தது. வெள்ளைக் கோடுகள் எல்லாம் போய்விட்டன. நிறம் 2 இடப்பக்கம், 2 மேலே. சத்தம் 3 ஃபிரேம்தான், இஎஸ்10 வழியே விட்டதும் சரியாயிற்று. கடைசியாக இரண்டு சந்தேகம். அடியில் 8 வரி நெளிகிறது, வெட்டலாமா? எந்த அளவில் சேமிப்பது? 720×576 அப்படியே போட்டால் எழுத்து ஒல்லியாகத் தெரிகிறது.

கோடு625

அடியில் நெளிவது ஹெட் மாறும் இடம். எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு, டிவியில் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். வெட்டினால் படத்தின் நடுப்புள்ளி மேலேறி, லோகோ நடுவில் இருந்து கீழே தள்ளித் தெரியும். வெட்டாமல் அந்த 8 வரியைக் கருப்பால் மூடுங்கள்.

மூலப் பிரதி: 720×576, ஃபீல்டோடு, எஃப்எஃப்வி1 (தரம் குறையாத சுருக்க வடிவம்), தொடாதது, நான்கு பகுதியும் தனித்தனியாக. திருத்திய பிரதியும் எஃப்எஃப்வி1. பார்க்கக் கொடுக்கும் பிரதிக்கு இடவலம் தலா 8 பிக்சல் எடுத்து 704 ஆக்கி, அதை 768×576-க்கு நீட்டுங்கள். அப்போதுதான் 4:3 சரியாக வரும். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் இன்னும் ஒரு படி, 1440×1080 ஆக்கி ஏற்றுங்கள். 576-இல் ஏற்றினால் பல தளங்கள் நொடிக்கு 50-ஐ 25 ஆக்கிவிடும், உங்கள் 11 ஃபீல்ட் நட்சத்திரம் ஐந்தாறாகக் குறைந்துவிடும்.

ஃபைலோடு ஒரு சின்ன உரைக் கோப்பு வையுங்கள்: கேசட் அட்டையில் எழுதியிருப்பது அப்படியே, பகுதி எண், டெக் மாடல், எந்தப் பகுதிகள் நடு மதிப்புக்குப் போயின, நிறம் எவ்வளவு தள்ளியது. பகுதி 3-ஐ விட்டதையும் எழுதுங்கள்.

கடைசி_9_நொடி

1440×1080 போட்டுப் பார்த்தேன், 11-உம் இருக்கின்றன. உரைக் கோப்பு எழுதியாயிற்று. பகுதி 3 உள்ள கேசட்டில்தான் பூஞ்சை. சிஎக்ஸ் கார்டு ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் ஆர்எஃப் எடுத்து இங்கேயே எழுதுகிறேன். அதுவரை அந்தக் கேசட்டை டெக்கில் போடப்போவதில்லை.